பிரித்த பிறகு என்ன வேலை?

(தேனி மாவட்டம் அனுமந்தன்பட்டியில் மார்கழி மாலை ஒன்றில், வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, இன்றைய பேச்சில் செய்து பார்க்க வேண்டிய பகுதி முழுக்க உங்களுக்கானது.

"பரிசுப் பொருளைச் சுற்றுகிற தாளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று வாசலில் ஒருவர் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லியே தொடங்குகிறேன். இது மார்கழி. இன்னும் சில நாளில் கிறிஸ்துமஸ், பிறகு புத்தாண்டு, பொங்கல். தை பிறந்ததும் முகூர்த்தங்கள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுவீட்டுப் பால்காய்ச்சு என்று உத்தமபாளையத்திலிருந்து கம்பம் வரைக்கும் எந்த மண்டபமும் சும்மா கிடக்காது. ஒவ்வொன்றுக்கும் நமக்குச் செய்முறை இருக்கிறது. நோட்டில் எழுதுகிற மொய்ப்பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். பொருளாகக் கொடுக்கிறோமே, குத்துவிளக்கு, குக்கர், சுவர்க்கடிகாரம், டம்ளர் செட், பிள்ளைக்கு உடுப்பு, இவை எல்லாம் ஒரே கோலத்தில்தான் மேடை ஏறுகின்றன. பளபளக்கிற ஒரு தாள், நாலு இடத்தில் செல்லோ டேப், மேலே ஒட்டுகிற ரிப்பன் பூ. கடையில் சுற்றியதிலிருந்து வீட்டில் கிழிக்கும் வரைதான் அதற்கு ஆயுள். விசேஷத்துக்கு மறுநாள் காலையில் மண்டபத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு மீதிக் கதை தெரியும்.

இன்று நான் உங்களிடம் கொடுத்துவிட்டுப் போக நினைப்பது ஒரே ஒரு கேள்வி. "பிரித்த பிறகு இதற்கு என்ன வேலை?" பரிசின் மேல் எதைச் சுற்றுவதாக இருந்தாலும், சுற்றும் முன் இதைக் கேளுங்கள். பதில் இருந்தால் அது நல்ல உறை. பதில் இல்லையென்றால் அதற்குப் போட்ட காசு பத்து ரூபாயானாலும் வீண்தான். சிக்கனம், அழகு, குப்பை குறைப்பது என்று மூன்று தனிப் பேச்சு வேண்டாம். இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மூன்றும் பின்னால் வந்துவிடும்.

திறந்து கொடுத்த வழக்கம்

நம் பக்கத்தில் சீர் என்பது ஊர் பார்க்கக் கொடுப்பது. தாய்மாமன் சீர் மேளதாளத்தோடு தெருவழியே வருகிறது. ஒரு தாம்பாளத்தில் பட்டுச்சேலை, ஒன்றில் பூ, ஒன்றில் பழம், ஒன்றில் தேங்காய், ஒன்றில் வெற்றிலை பாக்கு, ஒன்றில் இனிப்பு. திண்ணையில் இருக்கும் அப்பத்தாக்கள் தட்டை எண்ணி முடித்துவிட்டுத்தான் விட்ட பேச்சைத் தொடர்வார்கள். அங்கே மூடுவதற்கு வேலையே இல்லை. தாங்கி வரும் பாத்திரம்தான் அலங்காரம். தாம்பாளம் சீரோடு போனால் அந்த வீட்டில் இரண்டு தலைமுறை புழங்கும். திரும்பி வந்தால் அடுத்த சீருக்கு ஆகும்.

செட்டிநாட்டில் இதை இன்னும் நுணுக்கமாகச் செய்தார்கள். பனங்குருத்தோலையைக் கிழித்து, சாயம் ஏற்றிப் பின்னிய கொட்டான்களில் வைத்துத்தான் விசேஷ வீடுகளில் பண்டமும் வெற்றிலை பாக்கும் கைமாறின. மணி கோத்து, நூல்பின்னல் வைத்து அந்தக் கொட்டானுக்கே அணி பூட்டினார்கள். நடுவில் அந்தக் கைவேலை கிட்டத்தட்ட மறைந்துபோனது. விசாலாட்சி ராமசாமி முன்னின்று நடத்திய எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மீட்டது. இன்று செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. உறையாக வந்த ஒரு பொருள் தானே பரிசாகிவிட்டதற்கு நம் மாநிலத்தில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு தூரம் போக வேண்டாம், மஞ்சப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை அது. மணமக்கள் பெயர், தேதி, மண்டபம் எல்லாம் அச்சடித்திருக்கும். அது யார் கல்யாணம் என்பதே மறந்துபோன பிறகும் அந்தப் பையில் காய்கறி வாங்கினோம், பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் தூக்கினோம். 2021 டிசம்பர் 23 அன்று தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோது புதிய பொருள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கல்யாண வீட்டு உறை ஒன்றைத் திரும்பக் கூப்பிட்டது, அவ்வளவுதான்.

மூடிக் கொடுத்த பரிசும் நம் கதைகளில் உண்டு. குசேலரின் அவல் முடிச்சு இங்கே எல்லாருக்கும் தெரியும். கந்தல் துணியின் முனையில் முடிந்துவந்த அவலைக் கொடுக்கக் கூசி நின்றவர் குசேலர். அந்த முடிச்சைத் தானே இழுத்து அவிழ்த்தவர் கண்ணன். கொடுக்கிறவருடைய கூச்சம் ஒன்று, வாங்குகிறவருடைய ஆவல் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளிக்குப் பிற்பாடு வருகிறேன், ஏனென்றால் அதை ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

பளபளத் தாளின் வயது

வண்ண அச்சுத் தாளில் பரிசைச் சுற்றுவது ஏதோ உலகம் தோன்றிய நாளிலிருந்து இருக்கும் வழக்கம் போல நமக்குத் தோன்றுகிறது. அதற்கு நூறு வயதுக்குக் கொஞ்சம் மேல்தான். 1917, அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி. ஹால் சகோதரர்கள் நடத்திய கடையில் கிறிஸ்துமஸ் நெருக்கடி. அந்தக் காலத்தில் பரிசு சுற்றப் பயன்பட்ட மெல்லிய டிஷ்யூ தாள் முழுக்க விற்றுத் தீர்ந்துவிட்டது. கைவசம் இருந்தது, கடித உறைகளுக்கு உள்பக்கம் ஒட்டுவதற்காக பிரான்சிலிருந்து வந்த பூவேலைத் தாள். அதைத் தாள் ஒன்று பத்து சென்ட் என்று முன்னால் எடுத்து வைத்தார்கள். உடனே காலியானது. அந்தக் கடைதான் பின்னாளில் ஹால்மார்க் நிறுவனம். இன்று நாம் பிரிக்கப் பாடுபடும் ஒட்டுநாடா அதற்கும் இளையது. 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ 1930-ல் கொண்டுவந்தது.

ஒட்டுநாடா இல்லாமலே நம் மளிகைக்கடைக்காரர்கள் என்ன அழகாகப் பொட்டலம் மடித்தார்கள்! தாளைக் கூம்பாகச் சுருட்டி, சரக்கைக் கொட்டி, வாயை மூன்று மடிப்பில் உள்ளே செருகி, மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து இரண்டு சுற்று, ஒரு சுண்டு. சீனி ஒரு மணி சிந்தாது. வீட்டுக்கு வந்ததும் நூலைச் சுருட்டி வைப்பார்கள், தாளை விரித்துப் படிப்பார்கள். பிரித்த பிறகும் இரண்டுக்கும் வேலை இருந்தது.

இப்போது கடையில் கிடைக்கும் ஜிகினாத் தாளில் பெரும்பகுதி, தாள் என்று பெயர் கொண்ட பிளாஸ்டிக். மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் உலோகப் பூச்சு. கண்டுபிடிப்பது எளிது. உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, கையை விரியுங்கள். கசங்கியபடி உருண்டையாகக் கிடந்தால் காகிதம். படபடவென்று தானாக விரிந்தால் பிளாஸ்டிக். விரிகிற தாளைப் பழைய பேப்பர்காரர்கூட எடுக்க மாட்டார்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. நாடு முழுவதற்குமான தடை 2022 ஜூலை 1 அன்று வந்தபோது, இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ் இவற்றின் மேல் சுற்றும் பிளாஸ்டிக் படலமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஆக, உறை என்பது சட்டம் எட்டிப் பார்க்கிற அளவுக்குப் பெரிய விஷயம்தான். சட்டம் அதன் வேலையைப் பார்க்கட்டும். நம் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

முதல் வழி: ரவிக்கைத் துணி

ஜப்பானில் சதுரத் துணியில் பொருளை வைத்து முடிந்து கொடுப்பார்கள். ஃபுரோஷிகி என்று பெயர். பிளாஸ்டிக் பை வந்ததும் அங்கேயும் அது மங்கிப்போனது. 2006-ல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யூரிகோ கொய்கே, பழைய பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து எடுத்த இழையால் நெய்த ஃபுரோஷிகி ஒன்றை வெளியிட்டு, மக்களை மறுபடி பழக்கப்படுத்த முயன்றார். கொரியாவிலும் பொஜாகி என்று இதுபோன்ற வழக்கம் உண்டு. தைத்து மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டும் அதற்குத் துணி செய்வார்கள்.

இதைக் கேட்டதும் "நல்ல யோசனை, எங்கே கிடைக்கும்?" என்று கேட்காதீர்கள். உங்கள் பீரோவில் கிடக்கிறது. வெற்றிலை பாக்கோடு வந்து, தைக்காமலே அடுத்த வீட்டுக்குப் புறப்படுகிற ஜாக்கெட் பிட்டு எத்தனை! சின்னமனூரில் கிளம்பி, உத்தமபாளையம், கோம்பை, கூடலூர் எல்லாம் சுற்றி, கடைசியில் முதலில் கொடுத்த மதினி வீட்டுக்கே திரும்பிய துணிகள் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் ஏராளம். அந்தத் துணிக்கு ஒரு வேலை கொடுப்போம்.

அளவு பாருங்கள். ஜாக்கெட் பிட்டு பெரும்பாலும் 80 சென்டிமீட்டர் வெட்டியிருப்பார்கள், அகலமும் அதை ஒட்டியே இருக்கும். கிட்டத்தட்டச் சதுரம். துணியில் முடிய ஒரு கணக்கு உண்டு. சதுரத்தின் மூலைக்கு மூலை நீளம், பொருளின் நீளத்தைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். 80 சென்டிமீட்டர் சதுரத்துக்கு மூலைக்கு மூலை சுமார் 113. மூன்றில் ஒரு பங்கு 37. ஒரு பெரிய புத்தகம், டிபன் பாக்ஸ், சேலைப் பெட்டி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

முறை இது. துணியின் ஒரு மூலை உங்களைப் பார்க்கிற மாதிரி விரியுங்கள். பொருளை நடுவில் வையுங்கள். உங்கள் பக்கத்து மூலையைப் பொருளின் மேல் போட்டு நுனியை அடியில் செருகுங்கள். எதிர் மூலையை அதன் மேல் போடுங்கள். மிஞ்சிய இரண்டு காதுகளையும் மேலே தூக்கி முடியுங்கள். முடிச்சில்தான் சூட்சுமம். முதலில் வலது நுனி இடதின் மேல், அடுத்து இடது நுனி வலதின் மேல். இப்படிப் போட்டால் முடிச்சு தட்டையாக, காது இரண்டும் பக்கவாட்டில் நேராக நிற்கும். இழுத்தாலும் நழுவாது. இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டால் முடிச்சு கோணிக்கொண்டு நிற்கும், வழியிலேயே அவிழும்.

பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள், அதையும் மதிப்போம். விசேஷத்துக்குக் கோடித் துணிதான் முறை, பழையது ஆகாது. கறுப்பு வேண்டாம், கல்யாணத்துக்கு வெறும் வெள்ளையும் வேண்டாம். ஓரத்தில் துளி மஞ்சள் தடவினால் போதும், துணிக்கு மங்கலம் வந்துவிடும். பச்சைப்பிள்ளைக்குக் கொடுப்பதானால் ஈரிழைத் துண்டில் சுற்றுங்கள். பிள்ளை வீட்டில் துண்டு எத்தனை இருந்தாலும் போதாது. ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் தறி ஓடுகிற மாவட்டம் இது. பருத்தித் துணிக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை.

ரிப்பனுக்குத் தையல்கடை இருக்கிறது. வெட்டி எறியும் துண்டுகளில் நீளமானவற்றைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, மூன்று நிறத்தைச் சடை பின்னிக் கட்டிப் பாருங்கள். கடை ரிப்பன் பூவை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டாவது வழி: காலண்டர்

தாளே வேண்டும் என்பவர்களுக்குச் சிவகாசி இருக்கிறது. ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை அங்கே வெளியிட்டுவிடுவார்கள். தை வருவதற்குள் வீட்டுக்கு நாலைந்து காலண்டர் சேர்ந்துவிடும், பழையது பரணுக்குப் போகும். மாதக் காலண்டரின் தாள் கெட்டியானது, மடிப்பு நிற்கும். முன்பக்கம் படம், பின்பக்கம் வெள்ளை. வெள்ளைப் பக்கம் வெளியே தெரியச் சுற்றிப் பிள்ளைகளிடம் வண்ணப் பென்சிலைக் கொடுத்துவிடுங்கள். பெரியப்பாவுக்குப் பரிசு என்றால் பெரியப்பாவின் மீசை அதில் இருக்கும். அந்தத் தாளை அவர் கிழிப்பாரா, மடித்து வைப்பாரா?

தாள் சுற்றுவது பெரிய கலை என்று யாரும் பயப்பட வேண்டாம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் பிரவுன் தாள் வாங்கிப் பத்து நோட்டுக்கு அட்டை போடுகிற கை நம் எல்லாருக்கும் இருக்கிறது. மூலையை எப்படி மடித்தால் துருத்தாது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பிரவுன் தாளே போதும். மேலே சணல் கயிறு, ஒரு வேப்பங்கொத்து, அல்லது பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளைப்பூ. பூளைப்பூ காய்ந்தாலும் உருக்குலையாமல் நிற்கும் என்பது அதில் விசேஷம்.

தாளை மிச்சம் பிடிக்க ஒரு கணக்கு, பிள்ளைகள் எழுதிக்கொள்ளுங்கள். கணிதவியலாளர் சாரா சாண்டோஸ் சொன்னது. அடிப்பக்கம் சதுரமான பெட்டிக்குப் பொருந்தும். பெட்டியின் மேல்பக்கத்தில் மூலைக்கு மூலை அளந்துகொள்ளுங்கள். பெட்டியின் உயரத்தை ஒன்றரையால் பெருக்கி அதோடு கூட்டுங்கள். அந்த அளவில் ஒரு சதுரத் தாள் வெட்டினால் போதும். 20 சென்டிமீட்டர் சதுரம், 6 சென்டிமீட்டர் உயரம் உள்ள இனிப்புப் பெட்டிக்கு மூலைக்கு மூலை சுமார் 28, உயரத்தின் ஒன்றரை மடங்கு 9. ஆக 37 சென்டிமீட்டர் சதுரம். பெட்டியைத் தாளின் நடுவில் நேராக வைக்காமல், பெட்டியின் பக்கங்கள் தாளின் மூலைகளைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். நாலு மூலையும் மேலே வந்து நடுவில் சந்திக்கும். அந்த ஒரே இடத்தில் ஒட்டினால் முடிந்தது. ஒரு பொட்டளவு மைதாப் பசை போதும்.

பெயர்ச்சீட்டுக்குத் தினசரிக் காலண்டர். காலையில் கிழித்துக் கசக்கிப் போடுகிறோமே, அந்தத் தாளில் வருஷம், தமிழ் மாதம், கிழமை, நட்சத்திரம், நல்ல நேரம் எல்லாம் இருக்கிறது. தங்கச்சி மகன் பிறந்த அன்றைய தாளை எடுத்து வையுங்கள். அடுத்த பிறந்தநாளில் பரிசின் மேல் அதை ஒட்டிக் கொடுங்கள். கல்யாணத் தேதிக்கும் அப்படியே, முதலாம் ஆண்டு வரும்போது அந்த முகூர்த்த நாளின் தாளைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு பைசா செலவில்லாத அந்தச் சீட்டு ஆல்பத்துக்குள் போய்விடும்.

செய்தித்தாளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. புத்தகம், பாத்திரம், பொம்மை சுற்றலாம். அதிரசம், முறுக்கு, பழம் எதையும் அதில் நேரடியாக வைக்கக் கூடாது. அச்சு மை உணவில் இறங்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகளே உணவைச் செய்தித்தாளில் பொதிவதைத் தடை செய்கின்றன. தின்பண்டத்துக்கு வாழை இலை, தேக்கிலை, மந்தாரை இலை என்று நமக்கு வேறு வழி இருக்கிறது.

மூன்றாவது வழி: மட்டை, நார், வைக்கோல்

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் வாழை போட்டவர்கள், உங்களுக்கு நான் வாழையைப் பற்றிச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாழை ஒரு தடவைதான் தார் தள்ளும். தாரை வெட்டியதும் மரத்தைச் சாய்த்துவிடுகிறோம். அந்த மரத்தைச் சுற்றி அடுக்கடுக்காக இருப்பது முழுக்கப் பொதிகிற பொருள். பூக்கடையில் போய்ப் பாருங்கள். மல்லிகைப்பூவை இலையில் வைத்து, தண்ணீரில் ஊறிய நாரால் கட்டித்தான் கொடுக்கிறார்கள். வெயிலில் நாலு மணி நேரம் கழித்துப் பிரித்தாலும் பூ குளிர்ச்சியாக இருக்கும்.

மதுரைப் பக்கம் மேலக்காலைச் சேர்ந்த பி.எம்.முருகேசன் செய்ததை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். குடும்பக் கஷ்டத்தால் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஊரில் ஒருவர் நூலுக்குப் பதிலாக வாழை நாரில் பூக் கட்டுவதைப் பார்த்ததில்தான் அவருக்குப் பொறி தட்டியது. 2008-ல் வாழை நார்த் தொழிலில் இறங்கினார். சைக்கிள் சக்கரத்தின் ரிம்மை வைத்து நார்க்கயிறு திரிக்கும் இயந்திரத்தைத் தானே வடிவமைத்தார். இன்று அவருடைய ஊர்ப் பெண்கள் அந்தக் கயிற்றில் கூடையும் பையும் பின்னுகிறார்கள். மதுரைக்காரருக்குக் கூடையானது நம்மூரில் வயலோரத்தில் மட்கிக் கிடக்கிறது.

வீட்டு அளவில் செய்ய இயந்திரம் எதுவும் வேண்டாம். மரத்தின் வெளிப்பக்கத்தில் தானாகக் காய்ந்து தொங்கும் மட்டையை உரித்தெடுங்கள். தண்ணீரில் நனைத்தால் தோல் போலத் துவளும். துடைத்து, அம்மிக்கல்லையோ கனமான புத்தகங்களையோ மேலே ஏற்றி வையுங்கள், சுருக்கம் எடுபடும். பழுப்பும் செம்மையும் கலந்த வரிகள் அதில் தானாகவே இருக்கும், அச்சகத்தில் கிடைக்காத வேலைப்பாடு அது. பொருளைச் சுற்றி, அதே மரத்து நாரால் கட்டி நிழலில் உலரவிட்டால் அந்த வடிவத்திலேயே நிற்கும். ஈரம் போகாத மட்டையில் புத்தகத்தையோ துணியையோ வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஆகையால் நன்றாக உலர்ந்த மட்டையை எடுங்கள், உள்ளே ஒரு தாள் கொடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு, மெழுகுவத்தி, தேன் பாட்டில், கருப்பட்டி இவற்றுக்கு மட்டை அற்புதமாகப் பொருந்தும். பிரித்த பிறகு குப்பைக்குழிக்குப் போனாலும் மண்ணாகிவிடும். அதுவும் ஒரு வேலைதான்.

உடையும் பொருளுக்கு வைக்கோல். கண்ணாடி டம்ளர், பீங்கான், மண்விளக்கு இவற்றைக் குமிழி வைத்த பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கொடுக்கிறார்கள். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிற பள்ளத்தாக்கில் குமிழி உறையைக் காசு கொடுத்து வாங்குவது என்ன நியாயம்? வைக்கோலைப் பிரியாகத் திரித்து டம்ளரைச் சுற்றுங்கள், அட்டைப் பெட்டிக்குள் அடியிலும் மேலேயும் ஒரு கை நிரப்புங்கள். பஸ்ஸில் குமுளி வரை போனாலும் கீறல் விழாது. போய்ச் சேர்ந்த வீட்டில் மாடு இருந்தால் அதற்கும் விருந்து.

மணத்துக்குப் போடி இருக்கிறது. ஏலக்காய் ஏலம் நடக்கிற ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செண்ட் தெளித்த தாளுக்கு நாம் ஏன் ஆசைப்பட வேண்டும்? முடிச்சின் மேல் நாலு ஏலக்காயைச் சின்னத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். பரிசு கைக்கு வருமுன் மணம் வந்துவிடும். பிறகு அது பாயசத்துக்குப் போகும்.

நான்காவது வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்கு ஏற்கனவே தெரிந்தது. பாத்திரத்துக்குள் வைத்துக் கொடுப்பது. எவர்சில்வர் சம்படத்துக்குள் முறுக்கு, தூக்குவாளிக்குள் நாலு கதைப்புத்தகம், மண்சட்டிக்குள் விதைப் பொட்டலங்கள், ஓலைப்பெட்டிக்குள் கருப்பட்டி. மூடியைத் துணித்துண்டால் கட்டிவிட்டால் போதும். தாளுக்கும் ரிப்பனுக்கும் ஆகும் செலவைப் பாத்திரத்தின் விலையில் கழித்துக்கொள்ளலாம்.

மலிவாகத் தெரியாதா?

இப்போது உங்கள் மனதில் ஓடுகிற கேள்வி எனக்குக் கேட்கிறது. "எல்லாம் சரி, பழைய காலண்டரில் சுற்றிக் கொடுத்தால் சபையில் என்ன நினைப்பார்கள்?" குசேலரின் கூச்சம் இதுதான்.

ஆய்வு என்ன சொல்கிறது? 1992-ல் டேனியல் ஹோவார்டு என்ற அமெரிக்க ஆய்வாளர், சுற்றிக் கொடுத்த பரிசையும் சுற்றாமல் கொடுத்த பரிசையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே பொருள்தான் என்றாலும் சுற்றி வந்தது கூடுதலாகப் பிடித்திருந்தது. சுற்றிய பரிசு கிளப்பும் உற்சாகம் பொருளின் மேலும் படிகிறது என்பது அவர் முடிவு. ஆகவே உறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முடிச்சை அவிழ்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, அதைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்கக் கூடாது.

உறை எவ்வளவு கச்சிதமாக இருக்க வேண்டும்? இதை நெவாடா பல்கலைக்கழகத்தின் ஜெசிகா ரிக்சமும் அவருடன் சேர்ந்தவர்களும் சோதித்தார்கள். கூடைப்பந்து அணிகளின் சின்னம் போட்ட கோப்பைகளைச் சிலருக்கு அழகாகவும் சிலருக்கு அலங்கோலமாகவும் சுற்றிக் கொடுத்தார்கள். அலங்கோலமாகச் சுற்றியதை வாங்கியவர்களுக்குத்தான் உள்ளே இருந்த பொருள் அதிகம் பிடித்தது. காரணம் எளிது. உறை தூக்கலாக இருந்தால் எதிர்பார்ப்பு ஏறிவிடுகிறது, பொருள் அந்த உயரத்தை எட்டுவதில்லை. உறை சாதாரணமாக இருந்தால் பொருள் தன் அளவுக்கே மகிழ்ச்சி கொடுக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. அலங்கோலமான உறை நெருங்கிய நண்பர்களுக்குள்தான் செல்லும். அதிகம் பழக்கமில்லாதவர்கள் கொடுக்கும்போது, கச்சிதமான உறையை அவர்கள் நம்மை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம்.

இதை நம்மூர் நடைமுறைக்குக் கொண்டுவந்தால் இப்படி வரும். சம்பந்தி வீட்டுக்கு என்றால் மடிப்புக் கலையாத ஜாக்கெட் பிட்டு, நேரான முடிச்சு, ஓரத்தில் மஞ்சள். கூடப் படித்த தோழிக்கு என்றால் மகள் கிறுக்கிய காலண்டர் தாளே தாராளம். இரண்டிலும் செலவு ஒன்றுதான், மாறுவது கையின் கவனம் மட்டும். சபையில் மதிப்புக் குறைவது மலிவான பொருளால் இல்லை, அக்கறையில்லாமல் சுற்றியதால்தான். பத்து ரூபாய் ஜிகினாத் தாளைக் கடைப்பையன் அவசரத்தில் சுற்றிக் கொடுப்பதில் நம் கையே படவில்லையே!

மூன்று வேண்டுகோள்

முடிக்கும் முன் மூன்று பேரிடம் மூன்று வேண்டுகோள்.

கடை வைத்திருக்கும் அண்ணன்களுக்கு: பரிசுப்பொருள் வாங்க வருகிறவரிடம் "பேப்பரா, துணியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஜாக்கெட் பிட்டும் உங்கள் கடைச் சரக்குதான். தாளில் நிற்காத லாபம் துணியில் நிற்கும், வாங்குகிறவருக்கும் அது பரிசோடு சேர்ந்த இன்னொரு பரிசு.

மகளிர் குழு அக்காக்களுக்கு: வாழை மட்டையும் நாரும் நம் தோட்டங்களில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. தை முகூர்த்தம் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. மட்டைப்பெட்டியோ நார்ப்பையோ பத்து செய்து ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு வந்துவிட்டது. அந்தத் திராட்சையை வெளியூர் உறவினருக்குக் கொண்டுபோகிறவர் அதை நம் ஊர் மட்டைப்பெட்டியில் கொண்டுபோனால் எவ்வளவு பொருத்தமாக இருக்கும்!

பிள்ளைகளுக்கு: இந்தக் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் வீட்டில் பரிசு சுற்றும் வேலை உங்களுடையது என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். கடைக்குப் போய்த் தாள் வாங்கக் கூடாது என்பது மட்டும்தான் விதி. வீட்டிலும் தோட்டத்திலும் இருப்பதை வைத்தே செய்ய வேண்டும். எதை எடுத்தாலும் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேச்சு இத்துடன் போதும், இனிக் கைக்கு வேலை. பின்னால் இரண்டு மேசையில் நனைத்த மட்டை, நார், பழைய காலண்டர், ஜாக்கெட் பிட்டு எல்லாம் எடுத்து வைத்திருக்கிறார்கள். வலது இடதின் மேல், இடது வலதின் மேல், மறந்துவிடாதீர்கள். பிள்ளைகள் முதலில் போகட்டும். தையில் சீர் செய்யக் காத்திருக்கும் தாய்மாமன்கள் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் வாருங்கள்.